இந்தியில் சொல்லு

என் வாய்க்காகத்தான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

நான் பம்பாயில் பிறந்தவள். அப்பா அங்கே தோல் பட்டறையில் கூலிக்கு இருந்தார். பதினாறு வயது வரை குழாயடியிலும் ரேஷன் வரிசையிலும் நின்று கற்றுக்கொண்ட இந்தி என்னுடையது. சண்டை போடுவதற்கு நன்றாக உதவும். திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என்னைக் கட்டிக்கொடுத்த பிறகு பன்னிரண்டு வருஷம் அந்த இந்திக்கு வேலையே இல்லாமல் இருந்தது. களை பறித்தேன், கரும்பு வெட்டினேன், நூறு நாள் வேலைக்குப் போனேன். அப்புறம்தான் எங்கள் ஊருக்கு வெளியே, திருப்பதி சாலையிலிருந்து ஒரு பர்லாங்கு உள்ளே தள்ளி, பிளாஸ்டிக் அரைக்கிற ஷெட் வந்தது.

உடைந்த குடம், பெயின்ட் டப்பா, நாற்காலி, பைப் எல்லாம் லாரியில் வந்து இறங்கும். நிறம் பார்த்துப் பிரித்து, கழுவி, மிஷினில் போட்டால் நகத்துண்டு மாதிரி பொடிசாக அரைந்து விழும். அதை மூட்டை கட்டிக் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். இடம் எங்கள் ஊர் நிலக்காரக் குடும்பத்துடையது. அவர்கள் வயலில்தான் என் வீட்டுக்காரர் வேலை செய்தார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் முதலாளி. அவர் சென்னையில் இருப்பார், ஷெட்டைப் பார்த்துக்கொண்டது அவருடைய அக்கா புருஷன். முதலாளி அவரைப் பாவா என்று கூப்பிடுவார், அதனால் ஊரே பாவா என்றது. பெண்கள் நாங்கள் மட்டும் நேரில் சார் என்போம், எங்களுக்குள் பேசும்போது பாவா.

அங்கே வேலை செய்த வெளியூர்க்காரர்கள் ஒன்பது பேர். ஆறு ஆண்கள், மூன்று பெண்கள். ஒரு புரோக்கர் வேனில் கொண்டுவந்து இறக்கினான். கல்கத்தா பக்கம் என்றான். அவர்கள் பேசிய பெங்காலி எனக்குப் புரியாது, ஆனால் எல்லாருக்கும் கொஞ்சம் இந்தி தெரிந்திருந்தது. எல்லை தாண்டி வந்தவர்கள் என்பது இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. பாவாவுக்கு அதற்கு முன்பே தெரியும். தெரிந்துதான் எடுத்தார். எந்த ஆபீசுக்கும் போக முடியாதவர்கள், எந்தக் கதவையும் தட்ட முடியாதவர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அவர்களுடைய போன்களை வாங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். ஷெட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறைகளில் ஒன்பது பேரும் இருந்தார்கள். தகரக் கேட்டுக்கு எப்போதும் பூட்டு. சாவி அவர் சட்டைப் பையில்.

வேலைக்குச் சேர்ந்த பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, அவர்களில் ஒருவன் என்னிடம் வந்தான். நாலு நாளாகக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கேட்டுச் சொல்லுங்கள் என்றான். நான் போய்ச் சொன்னேன். பாவா எழுந்து வந்தார். குவியலிலிருந்து ஒரு பைப்பை உருவி அவன் முதுகில் அடித்தார். அவன் குனிந்ததும் முழங்காலுக்குப் பின்னால் அடித்தார். விழுந்ததும் செருப்புக் காலால் அவன் கையை மிதித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இந்தில சொல்லு அவன்கிட்ட. வெளிய கால வச்சான்னா போலீசு புடிச்சிகினு போயி உள்ள தள்ளிடும், செத்தாதான் வெளிய வருவான்னு சொல்லு. இவன் ஆளுங்க பொணத்தக்கூட வாங்க முடியாதுன்னு சொல்லு."

நான் சொன்னேன். முதல் தடவை கொஞ்சம் மெதுவாக, வார்த்தையை வழவழப்பாக்கிச் சொன்னேன். அவருக்கு இந்தி தெரியாது, ஆனால் குரல் தெரியும்.

"இன்னாமே, பாட்டு பாடிகினு கீற? நான் சொன்ன மாதிரி சொல்லு."

மறுபடி சொன்னேன். இந்தத் தடவை பம்பாய்க் குழாயடிக் குரலில் சொன்னேன். கீழே கிடந்தவன் பாவாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. கைப்பிடி வைத்த, உடையாத நாற்காலி. மற்றப் பெண்கள் குவியலில் குந்தி உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்க, நான் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில். டீ வந்தால் பாவாவுக்கு அடுத்து எனக்கு. அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. எட்டு மாதம் அதில் உட்கார்ந்து, அவர் சொன்னதையெல்லாம் இந்தியில் சொன்னேன். அறைந்தபோதும், ஒரு பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தபோதும், ஒருத்தன் மேல் வெந்நீரை வீசியபோதும் பக்கத்தில் நின்று சொன்னேன். அடி அவருடையது, அதற்கு அர்த்தம் சொன்னது நான்.

அந்த ஒன்பது பேரில் ஒரு புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. என்னைத் தீதி என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அக்கா. நான் மிரட்டல் சொன்ன நாட்களிலும் சாயங்காலம் வந்து, "தீதி, சாப்பிட்டியா?" என்று கேட்பாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உண்மையில நீங்க எந்த ஊரு?"

"அந்தப் பக்கம்" என்றாள். கையை எங்கோ காட்டினாள். "மூணு ராத்திரி நடந்தோம். இடுப்பளவு தண்ணியில. தங்கச்சி காலேஜ்ல படிக்கிறா, பீஸ் கட்டணும்."

அவளுக்கு இடுப்புக்குக் கீழே வரை முடி. வேலை நேரத்தில் உருட்டிக் கொண்டை போட்டு ஒரு துணியைச் சுற்றிக்கொள்வாள்.

மிஷினுக்குப் பக்கவாட்டில் மோட்டாரிலிருந்து ஒரு பெல்ட் ஓடும். பெல்ட்டையும் அது சுழற்றுகிற தண்டையும் மூடி ஒரு தகரக் கவர் இருந்தது. ஈரப் பொடி அதற்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நட்டைக் கழற்றிச் சுத்தம் பண்ண அரை மணி நேரம் ஆகிறது என்று பாவா கவரையே கழற்றச் சொல்லிவிட்டார். கவர் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போவேன்.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. உள்ளூர்ப் பெண்களுக்கு லீவு. அந்த ஒன்பது பேருக்கு லீவு கிடையாது. யாராவது அவர்களிடம் பேச வேண்டுமே என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார் பாவா. காலையிலிருந்தே சாலையில் காவடிக் கூட்டம். பம்பை, உடுக்கை, மைக்கில் பாட்டு, அரோகரா. ஷெட்டுக்குள் மிஷின் சத்தம் வேறு. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் கேட்காது.

பதினொரு மணி இருக்கும். அவள் தண்டுக்குக் கீழே தேங்கிய பொடியைத் துடைப்பத்தால் இழுத்துக்கொண்டிருந்தாள். காலையில் தலைக்குக் குளித்திருந்தாள். ஈர முடியில் துணி நிற்கவில்லை. குனிந்தபோது கொண்டை அவிழ்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் முடி தண்டில் சுற்றிக்கொண்டது.

அவள் அலறியது எனக்குக் கேட்கவில்லை. புதுத் துணியைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. அவள் புருஷன் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அடித்தான். சுவிட்சை அணைத்த பிறகும் தண்டு இரண்டு மூன்று சுற்று சுற்றியது. நின்றபோது முடி முழுக்கத் தண்டில் இருந்தது. முடியோடு தோலும். புருவத்துக்கு மேலிருந்து பிடரி வரை அவள் தலையில் தோல் இல்லை.

அவள் தரையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ரத்தம் கண்ணில் வழிய, வேர்வையைத் துடைப்பது மாதிரி புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "தீதி, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். எனக்கு எந்தப் பாஷையும் வரவில்லை. வேலை நேரத்தில் புடவைக்கு மேல் போட்டுக்கொள்கிற என் வீட்டுக்காரரின் பழைய சட்டையைக் கழற்றி அவள் தலையைச் சுற்றிக் கட்டினேன். கட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டை நனைந்து கனத்தது.

பாவா அறையிலிருந்து வந்தார். தண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

"நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க சார். பெரியாஸ்பத்திரிக்குப் போணும்" என்றேன்.

"ஆஸ்பத்திரியா? போலீசு வரும். அல்லாரும் உள்ள போவோம், நீயுந்தான். எனக்குத் தெரிஞ்ச கம்பவுண்டர் ஒருத்தர் கீறாரு, இங்கயே வரச் சொல்றேன்."

"செத்துப் போயிடுவா சார்."

"இந்தில சொல்லு அவங்கிட்ட. மிஷின்ல மாட்டல, தண்ணி டாங்கு மேலேருந்து உழுந்துட்டான்னு. யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லணும். மாத்திச் சொன்னா ரெண்டு பேரயும் இங்கயே பொதச்சிருவேன்னு சொல்லு."

அவள் புருஷன் என் முகத்தைப் பார்த்தான். எட்டு மாதமாக அவர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள், என்ன வரப்போகிறது என்று. நான் இந்தியில் சொன்னேன்: "இவன் ஆஸ்பத்திரிக்கு விட மாட்டான். அவளைத் தூக்கு. கேட்டை உடைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடு. ரோட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்."

"இன்னா சொன்ன?" என்றார் பாவா.

"நீங்க சொன்னதத்தான் சார்."

அவன் அவளைத் தூக்கித் தோளில் போட்டபோதுதான் பாவாவுக்குப் புரிந்தது. மிஷின் வாயில் அடைத்துக்கொள்வதைத் தள்ளுகிற இரும்புக் கம்பி பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்து அவன் தோளில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது, அப்போது மிஷின் ஓடவில்லையே. அவன் அவளோடு சேர்ந்து விழுந்தான். பாவா கம்பியை மறுபடி ஓங்கினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பல்லால் கவ்வினேன். என் வாயில் அவர் ரத்தத்தின் உப்பு தெரிந்தது. அவர் முழங்கையால் என் வாயில் இடித்தார். முன்பல் ஒன்று முழுசாகவும் ஒன்று பாதியாகவும் போனது. கீழே விழுந்த என் வயிற்றில் உதைத்தார்.

"தேவிடியா, எவன் சோறு போட்டான் உனக்கு?"

மற்ற ஏழு பேரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். அவர்கள் பாவாவைத் தொடவில்லை. காய்ச்சலுக்கு அடி வாங்கினவன்தான் முதலில் கேட்டை நோக்கி ஓடினான். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள். ஏழு பேரும் சேர்ந்து தகரக் கேட்டை முட்டினார்கள். மூன்றாவது முட்டில் கொண்டி பிய்ந்தது.

நானும் இன்னொரு பெண்ணும் அவளை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு சாலைக்கு ஓடினோம். ஒடிந்த தோளோடு அவள் புருஷன் பின்னால் வந்தான். ரோட்டுக் கூட்டத்தைப் பார்த்து பாவா கேட்டோடு நின்றுவிட்டார். காவடிக் கூட்டம் எங்களைப் பார்த்ததும் முதலில் விலகியது. அருள் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாதான் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, தலையில ஒண்ணுமே இல்லியேடா! நிறுத்துடா டெம்போவ!" என்று கத்தினார். பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். அவர்கள் வந்த டெம்போவில் இருந்த சோற்றுக் குண்டான்களை இறக்கி ரோட்டோரம் வைத்துவிட்டு அவளை ஏற்றினார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்கக்கூட இல்லை நான். கூட்டத்தை விலக்க ஒருத்தர் முன்னால் ஓடினார். அரோகரா சொல்லிக்கொண்டேதான் ஓடினார்.

திருத்தணி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் பெயரைக் கேட்டார். ஆதார் கேட்டார். இல்லை என்றேன். "அது அப்புறம், முதல்ல உள்ள கொண்டாங்க" என்றார். டாக்டர் கட்டுப் போட்டபடியே போலீசுக்கு அனுப்புகிற தாளை எடுக்கச் சொன்னார்.

"எப்பிடி ஆச்சு?"

நான் அவள் புருஷனிடம் கேட்டேன். உண்மையைச் சொன்னால் உங்கள் இரண்டு பேரையும் பிடிப்பார்கள், என்ன சொல்ல? அவன் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். "சொல்லிடு தீதி. இதுக்கு மேல எங்கே போய் ஒளியறது?" என்றான்.

"வேலை செய்யும்போது மிஷின்ல மாட்டிச்சி" என்றேன் டாக்டரிடம். எந்த ஷெட் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பல் போன வாயால் பேசியதில் தாளெல்லாம் ரத்தத் துளி.

அன்றே அவளைச் சென்னைக்கு அனுப்பினார்கள். தண்டில் இருந்த தோலை யாரும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தாலும் ஒட்டியிருக்காது என்று பிறகு சொன்னார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துத் தலையில் வைத்துத் தைத்தார்கள், மூன்று தடவை. அவள் புருஷனை மாவுக்கட்டோடு கைது செய்தார்கள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மற்ற ஏழு பேரையும் மறுநாள் காலையில் எங்கும் காணவில்லை. அவர்களாகப் போனார்களா, லாரியில் ஏற்றி வேறெங்காவது இறக்கினார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் காலை நான் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாவாவின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ஒருத்தன் என் கூந்தலைப் பிடித்துத் தெருவில் இழுத்தான். என் மண்டைத் தோல் இழுபட்டபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது, அந்தப் பயத்தில் சிறுநீர் கழிந்துவிட்டது.

"பங்களாதேஷ்காரிக்கு வக்காலத்தாடி? நீதான் அவங்கள இட்டுகினு வந்தேன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறோம். புரோக்கரு நீதான்."

தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்து வயலில் வேலை செய்யாத வீடு எங்கள் தெருவில் இல்லை. வயலிலிருந்து என் வீட்டுக்காரர் அறுப்பு அரிவாளோடு ஓடி வந்தார். அவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவருக்கும் வயலில் வேலை இல்லை.

அன்று ராத்திரி அவர் என் முதுகுக்கு விளக்கெண்ணெய் தடவினார். எதற்கு இந்த வம்பு என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"எட்டு மாசமா அந்தாளு பேச்ச அவங்களுக்குச் சொல்லிகினு இருந்த" என்றார். "இப்ப அவங்க பேச்சப் போயி எங்கனா சொல்லு. சொல்லாம வூட்ல இருந்தன்னா உனக்குத் தூக்கம் வராது."

திருத்தணி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒரு பெண் வக்கீல் இருந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித்தான் போனேன். என் கதையை முழுக்கக் கேட்டார். நாற்காலியைப் பற்றியும் சொன்னேன்.

"அவங்க பாஸ்போர்ட்டு இல்லாம வந்தாங்கம்மா. நம்ப சட்டத்துல அது குத்தம்தான். அந்தக் கேசு தனியா நடக்கும், அத நான் நிறுத்த முடியாது. ஆனா கவர் இல்லாத மிஷின்ல அவங்கள வேலைக்கு நிறுத்துனது வேற குத்தம். அடிச்சது வேற குத்தம். அடைச்சு வச்சது வேற குத்தம். அதுக்கெல்லாம் பாஸ்போர்ட்டக் கேக்க முடியாது."

"வெளிநாட்டு ஆளுக்கு நம்ப சட்டம் எப்பிடிங்க?"

அவர் தடித்த அரசியல் சட்டப் புத்தகத்தைத் திறந்து ஒரு இடத்தில் விரலை வைத்தார். "ஓட்டுப் போடறதுக்கெல்லாம் குடிமகன்னு எழுதியிருக்காங்க. உயிருக்கு எழுதின எடத்துல குடிமகன்னு இல்ல. எந்த ஆளா இருந்தாலும்னு இருக்குது. உலகத்துல பல நாடு சேந்து எழுதின ஒப்பந்தத்துலயும் அதேதான். வேலை செய்யறவன் காகிதத்தோட வந்தானா காகிதம் இல்லாம வந்தானான்னு பாத்து அவன் கைய வெட்டக் கூடாது. எங்கியும் அப்பிடி எழுதல."

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். "சாட்சி நீங்க ஒருத்தர்தான். உங்களையும் கிழிப்பாங்க. தாங்குவீங்களா?"

"ஆங்" என்றேன்.

நஷ்டஈட்டு மனு தொழிலாளர் அதிகாரி முன்னால் வந்தது. அதற்குள் அவளைப் பெண்கள் காப்பகம் ஒன்றில் வைத்திருந்தார்கள். விசாரணைக்கு முன் ஒரு தடவை அவளை ஒரு கையெழுத்துக்காகத் திருத்தணிக்குக் கொண்டுவந்தார்கள். பெண் போலீசோடு நானும் அவளும் கடைத்தெருவில் நடந்தோம். தலையில் மெல்லிய துணி. வெயிலில் அரித்து அவள் அதை எடுத்துவிட்டாள். எனக்குப் பதறியது. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மலையில் முடி கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய தலையோடு ஆணும் பெண்ணும் குழந்தையுமாக எல்லாத் திசையிலும் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பூக்காரம்மா அவளிடம், "மொட்ட போட்டியாமா? முருகன் குறை வைக்க மாட்டான், போ" என்றார். என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டாள். நல்லா இருன்னு சொல்றாங்க என்றேன்.

விசாரணை ஒரு மாடி அறையில் நடந்தது. முதலாளியின் வக்கீல், அந்தப் பெண் அங்கே வேலையே செய்யவில்லை, குப்பை பொறுக்க உள்ளே நுழைந்தவள் என்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"இவர்கள் சட்டவிரோதமாக வந்தவர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்தும் போலீசில் சொல்லவில்லை?"

"சொல்லல."

"உங்கள் வேலைதான் என்ன அங்கே?"

"பாவா சொல்றத இந்தில சொல்றது."

"என்ன சொல்வார்?"

அந்த வக்கீல் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று எங்கள் வக்கீல் பிறகு சொன்னார். நான் சொல்ல ஆரம்பித்தேன். காய்ச்சல்காரனுக்குச் சொன்னதிலிருந்து தொடங்கினேன். வெளியே கால் வைத்தால் செத்தாதான் வெளியே வருவாய். பிணத்தைக்கூட வாங்க முடியாது. சோறு கேட்டால் மிஷினில் போட்டு அரைத்துவிடுவேன். உன் பெண்டாட்டியை லாரிக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன். எந்தெந்த நாள், யாரிடம், எதனால் அடித்துக்கொண்டே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் தமிழில் சொன்னேன். அதிகாரி, நீங்கள் சொன்னது போலவே சொல்லுங்கள் என்றதும் இந்தியிலும் சொன்னேன். குரல் தானாகவே அந்தப் பழைய குரலுக்குப் போனது. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டாள். பாவா எதிரே நின்றிருந்தார். அவர் மணிக்கட்டில் என் பல் பதிந்த தழும்பு வெள்ளையாக இருந்தது.

அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். "குப்பை பொறுக்க வந்த பெண்ணை எதற்காக எட்டு மாசம் இப்படியெல்லாம் மிரட்டினீர்கள்?" பாவா தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் எழுந்தார், உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முன் அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"உள்ளே நீ எனக்காகத்தான் பேசினே, தெரியும். ஆனா அது அதே குரல், தீதி. காதை மூடியும் கேட்டுச்சு. கொஞ்ச நாள் என்கிட்ட இந்தியில பேசாதே."

பெண் போலீஸ் கூப்பிட்டார். அவள் போனாள். நான் தமிழில்தான் போய் வா என்றேன்.

அவள் அங்கே தொழிலாளியாக இருந்தாள், வேலையில்தான் காயம் பட்டது, முதலாளி நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எந்த நாட்டுக்காரி என்பது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. வக்கீல் அந்த வரியை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். ஆனால் அதற்கு முன்பே, அனுமதியில்லாமல் வந்ததற்குத் தண்டனை முடிந்து, அவளையும் புருஷனையும் எல்லைக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். கட்டிய நஷ்டஈடு ஆபீசில் இருக்கிறது. அதை அவளுக்குச் சேர்க்க வக்கீல் இன்னும் மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்கிறார். பாவா மேல் போட்ட அடிதடிக் கேஸ் வாய்தாவில் இருக்கிறது. ஷெட் மூன்று மாதம் சீல் வைத்திருந்து, வேறு பெயரில் திறந்துவிட்டது. நாங்கள் பொதட்டூர்பேட்டைக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரர் பவர்லூமில் இருக்கிறார், நான் தறிக்குத் தார்க்கட்டையில் நூல் சுற்றுகிறேன்.

போன மாதம் அவள் வக்கீலிடம் நம்பர் வாங்கி எனக்குப் போன் பண்ணினாள். இந்தியில்தான் பேசினாள். வெயிலில் நிற்க முடியவில்லை, தலையில் எதுவும் சுமக்க முடியவில்லை, வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறேன் என்றாள். அவனுக்குத் தோள் சரியாகக் கூடவில்லை. தங்கச்சி படிப்பை நிறுத்திவிட்டாள். நஷ்டஈட்டைப் பற்றி நானாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அது வரட்டும், வராமப் போகட்டும்" என்றாள். "நான் அங்கே வேலை செஞ்சேன்னு ஒரு காகிதத்துல எழுதியிருக்காங்களாமே. வக்கீலம்மா சொன்னாங்க. அதைப் போட்டோ எடுத்து அனுப்பு."

மறுநாள் மத்தியானம் லீவு சொல்லிவிட்டுத் திருத்தணிக்குப் பஸ் ஏறிப் போய், வக்கீல் ஆபீசில் இருந்த உத்தரவைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது. எல்லாம் உங்கள் எழுத்தாக இருக்கிறது, இதில் எது என் பெயர் என்று கேட்டிருந்தாள். ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி எடுத்து, அவள் பெயர் வந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். ஏழு இடத்தில் இருந்தது. மறுபடி போட்டோ எடுத்து அனுப்பினேன்.